ஒரே கதிருக்கு மூன்று அளவுகோல்கள்

நெல்லோ அரிசியோ படியால் அளக்கும்போது தலைதட்டி அளப்பதும் உண்டு, குவித்து அளப்பதும் உண்டு. இரண்டுக்கும் பெயர் 'ஒரு படி'தான். வாங்குகிறவரும் விற்கிறவரும் எந்தப் படி என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் தகராறு இல்லை. ஒருவர் தலைதட்டியதை நினைத்துக்கொண்டும், மற்றவர் குவித்ததை நினைத்துக்கொண்டும் பேரம் பேசினால்தான் வம்பு. தோல் நோய்களுக்குத் தரப்படும் எக்ஸ்-கதிரை அளப்பதிலும் ஏறக்குறைய இதே வம்பு நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. அரிசிக் கடையில் தவறினால் ஒரு பிடி அரிசி போகும். இங்கே போவது மூக்கு நுனியின் தோல். சில சமயம் கண்ணிமை.

இந்த அளவையைச் சீர்செய்வதற்காக எழுதப்பட்ட மூன்று நெறிமுறை நூல்களை இக்கட்டுரையில் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். முதலாவது, பிரிட்டனின் மருத்துவ இயற்பியலாளர் நிறுவனம் 1996-இல் வெளியிட்டது. 300 கிலோவோல்ட்டுக்குக் கீழ்ப்பட்ட எக்ஸ்-கதிர்களுக்கு உரிய இந்நூலுக்கு 2005-இல் ஒரு பிற்சேர்க்கை வந்தது. இரண்டாவது, சர்வதேச அணுசக்தி முகமை 2000-இல் வெளியிட்ட 398-ஆம் எண் தொழில்நுட்ப அறிக்கை. இதன் திருத்திய பதிப்பு 2024-இல் வந்தது. நாம் பேசப்போவது முதற்பதிப்பைப் பற்றி. மூன்றாவது, அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 61-ஆம் பணிக்குழு 2001-இல் வெளியிட்ட நெறிமுறை.

"இவையெல்லாம் நிபுணர்கள் படிக்கும் நூல்களாயிற்றே, நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். சட்டப் புத்தகத்தைப் படிப்பவர் வக்கீல். தீர்ப்பு விழுவது நம் தலையில். அதைப் போலத்தான் இதுவும்.

தோலுக்கு ஏன் மென்கதிர்?

இன்று புற்றுநோய் மருத்துவமனைகளில் உள்ள பெரிய முடுக்கி இயந்திரங்கள் பல மில்லியன் வோல்ட் அளவில் கதிரை உண்டாக்குகின்றன. அக்கதிர் தோலைச் சற்றே தொட்டுவிட்டு உள்ளே சென்று, பரப்புக்குக் கீழே ஓர் ஆழத்தில்தான் தன் உச்ச அளவை அடைகிறது. உள்ளுறுப்பு நோய்க்கு இது பெரிய அனுகூலம், தோல் தப்பித்துக்கொள்கிறது. ஆனால் நோய் தோலிலேயே இருந்தால் என்ன செய்வது? முதியவர்களின் முகத்தில் வரும் அடிச்செல் புற்று, அறுவைத் தழும்பு தடித்து வளரும் கீலாய்டு போன்றவற்றுக்கு வேண்டியது, பரப்பிலேயே முழு வலிமையைக் காட்டி, சில மில்லிமீட்டர் அல்லது ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் களைத்துவிடும் கதிர். சுமார் 10 கிலோவோல்ட் முதல் 150 கிலோவோல்ட் வரை இயங்கும் குழல்கள் தருவது அத்தகைய மென்கதிர்தான்.

மென்கதிரின் இந்த நற்குணமே அதை அளப்பவருக்குத் தலைவலி. எளிதில் களைக்கும் கதிர், அளக்கும் கருவியின் மெல்லிய சுவரிலும் களைக்கும். இடையிலுள்ள காற்றிலும் களைக்கும். உச்ச அளவு பரப்பில்தான் என்பதால், அளக்க வேண்டிய இடமும் பரப்புதான். பரப்பு என்பதோ தடிமனே இல்லாத ஓர் எல்லைக்கோடு. அங்கே எந்தக் கருவியை வைப்பது? தடிமன் இல்லாத கருவி உலகில் இல்லை.

தோலே அளவுகோலாக இருந்த காலம்

ரான்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஆண்டே வியன்னாவில் லியோபோல்டு ஃபிராய்ண்டு என்ற மருத்துவர், முதுகில் முடி அடர்ந்த மச்சம் இருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு அக்கதிரைப் பாய்ச்சினார். முடி உதிர்ந்தது. முதுகில் எளிதில் ஆறாத புண்ணும் உண்டாயிற்று. எவ்வளவு கதிர் போயிற்று என்று சொல்ல அன்று ஓர் அலகுகூட இல்லை. தோல் சிவந்தால் 'போதும்' என்று அறிந்துகொண்டார்கள். அதாவது நோயாளியின் தோலே மீட்டர்.

1904-இல் பாரிசில் சபூரோவும் நுவாரேயும் ஒரு சிறு வில்லையைக் கொண்டுவந்தார்கள். பேரியம் பிளாட்டினோ சயனைடு பூசிய அந்த வில்லை, கதிர் பட்டதும் பச்சை நிறத்திலிருந்து மஞ்சள் கலந்த பழுப்புக்கு மாறும். குழலுக்கும் தலைக்கும் நடுவே, பாதித் தூரத்தில் அதை வைப்பார்கள். கதிரின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பாதித் தூரத்திலுள்ள வில்லைக்கு, தோலுக்குப் போவதைப்போல் நான்கு மடங்கு கதிர் கிடைக்கும். வில்லை குறித்த நிறத்தை அடைந்தால், தலைமுடி உதிரும் அளவு வந்துவிட்டது என்று பொருள்; குழலை நிறுத்திவிடலாம்.

நல்ல யுக்திதான், ஆனால் குறைகளைப் பாருங்கள். வில்லை குழலிலிருந்து 7.5 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது 5 மி.மீ. நெருங்கிவிட்டால் அதன்மேல் விழும் கதிர் சுமார் 15 விழுக்காடு கூடிவிடும். எந்த வெளிச்சத்தில் நிறத்தைப் பார்க்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். இவற்றைவிடப் பெரிய குறை, பேரியமும் பிளாட்டினமும் கனமான தனிமங்கள் என்பது. அவை கதிரை உறிஞ்சும் விதம் வேறு, தோல் உறிஞ்சும் விதம் வேறு. கதிரின் கடுமை மாறினால், வில்லை ஒன்றைச் சொல்லும், தோல் வேறொன்றை உணரும்.

இதற்கு விடையாகத்தான் 1928-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய சர்வதேசக் கதிரியல் மாநாடு 'ரான்ட்ஜன்' என்ற அலகை ஏற்றது. வில்லையை விட்டுவிட்டுக் காற்றை அளவுகோலாகக் கொண்டார்கள். எக்ஸ்-கதிர் காற்றில் பாயும்போது எலெக்ட்ரான்களைப் பிய்த்து அயனிகளை உண்டாக்குகிறது. அந்த மின்னூட்டத்தைச் சேகரித்து அளந்தால் கதிரின் அளவு தெரியும். தோலில் பெரும்பகுதி நீர். காற்றும் நீரும் கதிரை உறிஞ்சும் விதத்தில் ஏறக்குறைய உறவினர்கள். பேரியத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

மூன்று நூல்களும் நிற்கும் அஸ்திவாரம் இதுதான். தேசிய அளவை ஆய்வகங்களில் 'சுவரற்ற காற்றுக்கலம்' என்ற கருவி இருக்கிறது. நுட்பமாகக் கடைந்த ஒரு துளை வழியே கதிர் நுழைந்து, எந்தச் சுவரையும் தொடாமல் காற்றை மட்டும் அயனியாக்கிச் செல்லும். மருத்துவமனையின் சிறிய அயனிக்கலத்தை இந்தக் கருவியோடு ஒப்பிட்டு ஒரு பெருக்கெண் தருகிறார்கள். பாரிசுக்கு அருகே செவ்ரில் உள்ள சர்வதேச எடை அளவைகள் நிலையம், தேசிய ஆய்வகங்களின் அளவைகளை ஒன்றோடொன்று ஒப்பிட உதவுகிறது. அடுத்த படியில் இரண்டாம் நிலை ஆய்வகங்கள்; நம் நாட்டில் மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் அப்பணியைச் செய்கிறது. தராசுக்கு முத்திரை குத்துவதைப் போன்ற சங்கிலி இது. சங்கிலியில் குறை இல்லை. குறை இருப்பது அதன் கடைசிக் கண்ணிக்கும் நோயாளியின் தோலுக்கும் இடையில்.

முதற்குறை: பெயர்க் குழப்பம்

'குறைந்த ஆற்றல்' என்ற சொல்லை மூன்று நூல்களும் எப்படிப் பயன்படுத்துகின்றன என்று பாருங்கள். பிரிட்டிஷ் நூலில் 8 முதல் 50 கிலோவோல்ட் வரை 'மிகக் குறைந்த ஆற்றல்'. 50 முதல் 160 வரை 'குறைந்த ஆற்றல்'. அதற்குமேல் 300 வரை 'நடுத்தரம்'. அமெரிக்க நூலில் 40 முதல் 100 வரை குறைந்த ஆற்றல். 100-க்கு மேல் நடுத்தரம். அணுசக்தி முகமையின் அறிக்கையில் 100 வரை குறைந்த ஆற்றல். ஆனால் நடுத்தரம் 80-இலேயே தொடங்கிவிடுகிறது. 80-க்கும் 100-க்கும் இடையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன.

ஆக, 120 கிலோவோல்ட்டில் இயங்கும் ஓர் இயந்திரம் லண்டனில் 'குறைந்த ஆற்றல்' இயந்திரம். விமானமேறி நியூயார்க் போனால் 'நடுத்தர' இயந்திரம். பெயர்தானே, போகட்டும் என்று விட முடியாது. பெயர் மாறினால் அளக்கும் முறையும் மாறுகிறது. 'குறைந்த' என்றால் காற்றில் அளந்து கணக்கிடு. 'நடுத்தரம்' என்றால் நீர்த்தொட்டியில் 2 செ.மீ. ஆழத்தில் அளக்கவும் இடமுண்டு என்கின்றன நூல்கள்.

இதில் அமெரிக்க நூலைப் பாராட்ட வேண்டிய ஓர் இடம் உண்டு. கதிரின் தரத்தைச் சொல்லக் கிலோவோல்ட் மட்டும் போதாது. அதை அலுமினியத் தகட்டால் எத்தனை மில்லிமீட்டரில் பாதியாக்கலாம் என்ற 'அரைமதிப்புத் தடிமனையும்' சேர்த்துச் சொல் என்று அது வற்புறுத்துகிறது. சரியான பேச்சு. ஒரே வோல்ட்டில் இயங்கும் இரு குழல்கள், முன்னால் வைத்த வடிகட்டித் தகட்டுக்கு ஏற்ப முற்றிலும் வேறான கதிரைத் தரலாம். ஒரே ஊரின் இரு கிணறுகளில் ஒன்று உப்பு, ஒன்று நன்னீர் என்பதைப் போல.

இரண்டாம் குறை: தலைதட்டலும் குவித்தலும்

இப்போது படிக்கு வருவோம். அயனிக்கலத்தைக் காற்றில் தனியே தொங்கவிட்டு அளந்தால், குழலிலிருந்து நேராக வரும் கதிர் மட்டும் பதிவாகும். இதைத் தலைதட்டிய படி என்போம். ஆனால் நோயாளியின் தோலில் அதே கதிர் விழும்போது, அதில் ஒரு பகுதி உள்ளே சென்று, உடலில் சிதறி, மீண்டும் மேலே திரும்பித் தோலைத் தாக்குகிறது. இதைப் பின்சிதறல் என்கிறோம். இது சேர்ந்தது குவித்த படி. குவியலின் உயரம் கதிரின் கடுமையையும், கதிர் விழும் பரப்பின் அகலத்தையும் பொறுத்தது. மிக மென்மையான கதிரில் சில விழுக்காடுதான். 100 கிலோவோல்ட் அளவில், 10 செ.மீ. அகலப் பரப்பில் மூலக்கதிரின் நாலில் ஒரு பங்கை எட்டும். சிறிய பரப்பில் வெகுவாகக் குறைந்துவிடும்.

அமெரிக்க நூல் காற்றில் அளக்கச் சொல்லி, பின்சிதறல் எண்ணை அட்டவணையிலிருந்து எடுத்துப் பெருக்கச் சொல்கிறது. அணுசக்தி முகமையின் நூல் வேறு வழி சொல்கிறது: கலத்தை ஒரு பிளாஸ்டிக் கட்டியில், அதன் முகம் கட்டியின் பரப்போடு சமமாக இருக்கும்படி பதித்து அளந்துவிடு, பின்சிதறல் தானாகவே சேர்ந்துவரும். கேட்பதற்கு இரண்டாவது வழிதான் நேர்மையானதாகத் தோன்றும். ஆனால் அதற்குக் கலத்தை 'நீர் உறிஞ்சிய அளவு' என்ற கணக்கில் ஒப்பிட்டுத் தரும் ஆய்வகம் வேண்டும். மென்கதிரில் அந்த வசதி தந்த ஆய்வகங்கள் மிகச் சிலவே. அதனால் பல மருத்துவமனைகள் காற்றுக்கான பெருக்கெண்ணை வாங்கி, கணக்குப் போட்டு நீருக்கானதாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறமாக அதே வீட்டுக்குள் வரும் கதைதான்.

இரண்டு வழிகளிலும் ஒரே மௌனம் உண்டு. அட்டவணையின் எண்கள், போதிய ஆழமுள்ள தட்டையான நீர்ப்பரப்புக்கு உரியவை. நோய் வருவதோ காதுமடலில். காதுமடலின் பின்னால் இருப்பது வெறும் காற்று. திரும்பிச் சிதற அங்கே சதை இல்லை. அட்டவணை சொல்லும் குவியல் அங்கே கிடைக்காது. கண்ணிமைக்குப் பின்னால் விழியைக் காக்கச் செருகும் ஈயத்தகட்டின் கதை இதற்கு நேர்மாறு. ஈயத்திலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள், தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய சவ்வுக்குக் கூடுதலான அடியைக் கொடுக்கும். அதனால்தான் அத்தகட்டின்மேல் மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசுகிறார்கள். தட்டையான நீரைப் பற்றி மூன்று புள்ளி தசமம் வரை பேசும் நூல், காதையும் இமையையும் பற்றி விரிவாகப் பேச வேண்டாமா?

மூன்றாம் குறை: ஒன்றென்று வைத்த எண்

இங்கே பிரிட்டிஷ் நூலைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். மிகக் குறைந்த ஆற்றலில் கலத்தைப் பரப்பில் பதித்து அளக்கும்போது, கலம் அங்கே இருப்பதாலேயே கதிர்ப்புலம் சற்று மாறுகிறது. அதைத் திருத்த ஒரு பெருக்கெண் வேண்டும். 1996-இல் அதற்குப் போதிய ஆய்வுத் தரவு கிடைக்கவில்லை. எனவே நூலாசிரியர்கள் அந்த எண்ணை 1 என்று வைத்துவிட்டார்கள். 1-ஆல் பெருக்குவது என்றால் திருத்தமே செய்யாதது.

2005-இல் பிற்சேர்க்கை வந்தது. அதில் அந்த எண்ணின் மதிப்பு, கதிரின் தரத்துக்கேற்ப 1.01 முதல் 1.07 வரை என்று அட்டவணை தரப்பட்டது. இதன் பொருளைக் கூட்டிப் பாருங்கள். உண்மை எண் 1.07 ஆக இருந்த இடத்தில் 1 என்று வைத்துக் கணக்கிட்டால், இயந்திரம் நிமிடத்துக்குத் தரும் அளவு குறைவாகத் தெரியும். குறைவாகத் தெரிந்தால் மருத்துவர் கேட்ட அளவைத் தர அதிக நேரம் இயக்குவார்கள். ஏட்டில் 100 என்று எழுதியிருக்கும். தோல் வாங்கியது 107 வரை இருக்கலாம். ஒன்பது ஆண்டுகள் இப்படி.

இது பேரழிவு அல்ல, அவசரப்பட வேண்டாம். கதிர்ச் சிகிச்சையில் மொத்தப் பிழை சுமார் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது நீண்டகாலமாக ஏற்கப்பட்ட இலக்கு. அந்த இலக்கை ஓர் எண் தனியாகவே விழுங்கிவிடக்கூடும் என்பதுதான் கவலை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மருத்துவர் "இவ்வளவு கிரே கொடுத்தால் இந்தப் புற்று ஆறும், தோல் தாங்கும்" என்று அனுபவத்தால் அறிந்திருக்கிறாரே, அந்த அனுபவம் பழைய படியில் அளந்து வந்த அனுபவம். படியைத் திருத்திவிட்டு, அவருடைய கணக்கைத் திருத்தாமல் விட்டால், நேற்றுவரை ஆறிய நோய் நாளை குறைந்த அளவைப் பெறும். அளவைத் திருத்தம் என்பது இயந்திர அறையோடு முடியும் காரியமல்ல. மருத்துவரின் மேசைவரை அது போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு திருத்தத்தோடும் "இதனால் நீங்கள் எழுதித் தரும் அளவு இவ்வாறு மாறும்" என்ற ஒரு பக்கம் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

நான்காம் குறை: சில்லறை வேலைகள்

மூன்று நூல்களும் காற்றின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் திருத்தச் சொல்கின்றன. நல்லது. 20 டிகிரிக்கு ஒப்பிட்ட கலத்தை 32 டிகிரி அறையில் வைத்தால், உள்ளிருக்கும் காற்று விரிந்து, அளவு சுமார் 4 விழுக்காடு குறைவாகக் காட்டும். கடிகாரத் திருத்தத்தையும் அமெரிக்க நூல் விளக்குகிறது. உதாரணமாக, 60 விநாடி இயக்கினால் மீட்டரில் 118, 30 விநாடி இயக்கினால் 58 என்று வருவதாகக் கொள்வோம். பின்னைய 30 விநாடியில் வந்தது 60. அதாவது விநாடிக்கு 2. அப்படியானால் முதல் 30 விநாடியில் வந்த 58 என்பது 29 விநாடிக் கதிர்தான். குழல் முழு வலிமைக்கு ஏறுவதில் ஒரு விநாடி வீணாகிவிட்டது. 20 விநாடிச் சிகிச்சையில் இது 5 விழுக்காடு இழப்பு. நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. ஆனால் எத்தனை பெரிய விளைவு!

ஆனால் தூரத்தைப் பாருங்கள். பெரிய முடுக்கியில் கதிர் மூலத்துக்கும் நோயாளிக்கும் ஒரு மீட்டர். தோல் சிகிச்சைக் குழலிலோ 30 செ.மீ., 15 செ.மீ.; தொட்டு வைக்கும் குழலில் 2 செ.மீ.கூட உண்டு. ஒரு மில்லிமீட்டர் பிழை 30 செ.மீ. தூரத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, 2 செ.மீ. தூரத்தில் சுமார் 10 விழுக்காடு. மூக்கின் சரிவில் கூம்பு சரியாக உட்காராமல் 5 மி.மீ. இடைவெளி விட்டால், 15 செ.மீ. குழலில் 6 விழுக்காடு குறைந்துபோகும். இதோடு, நோய்ப் பகுதியை மட்டும் திறந்துவிட்டு மற்றதை மறைக்க, ஈயத்தகட்டை ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக வெட்டுகிறார்கள். 10 செ.மீ. வட்டத்துக்கு அளந்த இயந்திரம், 2 செ.மீ. கோணல் ஓட்டை வழியே எவ்வளவு தரும்? அங்கே பின்சிதறல் வேறு. ஆகவே அளவும் வேறு.

இவற்றுக்கு நூல்களில் இடம் எவ்வளவு? பிரிட்டிஷ் நூலின் 2005 பிற்சேர்க்கை ஒன்றே சரியான சாட்சி. சிறிய பரப்புகளுக்கான எண்கள், தூரம் கூடக்கூட அளவு குறையும் விதம், ஆழத்தில் அளவு இறங்கும் விதம் ஆகியவற்றை அது பேசுகிறது, ஆனால் பின்னிணைப்பாக. இவை வழக்கமாக நெறிமுறையில் சேராத விஷயங்கள் என்ற முன்னுரையோடு. அதைத்தான் நாம் மறுக்கிறோம். நோயாளிக்குத் தரும் அளவை முடிவு செய்யும் விஷயம் நெறிமுறையில் சேராது என்றால், வேறு எதில் சேரும்?

நூல்களுக்கு ஆதரவாக

எதிர்வாதத்தையும் நியாயமாகக் கேட்போம். "நெறிமுறை நூல் பாடநூல் அல்ல. ஒரே ஒரு புள்ளியில், ஒரே ஒரு நிலையில் எல்லோரும் ஒரேமாதிரி அளக்கட்டும் என்பதே அதன் வேலை. காதும் மூக்கும் மனிதருக்கு மனிதர் மாறும். அதற்கெல்லாம் அட்டவணை போட முடியாது. அது அந்தந்த மருத்துவமனை இயற்பியலாளரின் திறமை" என்பார்கள். இதில் உண்மை உண்டு. எல்லாவற்றையும் எழுதப் புறப்பட்ட நூலை யாரும் படிக்க மாட்டார்கள். இந்த மூன்று நூல்களும் வந்திராவிட்டால், இன்றும் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு படி இருந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு புள்ளியை மட்டும் சரியாக அளந்துவிட்டுத் திருப்தியடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. தலையில் வரும் படர்தாமரைக்கு முடியை உதிர்ப்பதே அக்காலச் சிகிச்சை. ஐந்து கோணங்களில் கதிர் பாய்ச்சும் முறை 1909 முதல் வழக்கத்துக்கு வந்தது. 1948 முதல் 1960 வரை இஸ்ரேலில், பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கு நாடுகளிலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளுக்கு இச்சிகிச்சை பெருமளவில் தரப்பட்டது. இயந்திரங்கள் 75 முதல் 100 கிலோவோல்ட். நாம் பேசும் அதே மென்கதிர். தலைத்தோலின் அளவில் கவனம் வைத்தார்கள், முடி உதிர்ந்தது, நோய் நீங்கியது.

பின்னாளில் தலைப் பொம்மை வைத்து அளந்தபோதுதான், அக்குழந்தைகளின் மூளைக்குச் சராசரியாக 1.5 கிரே போயிருக்கும் என்றும், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்கும் அதில் சிறு பங்கு, 0.1 கிரேக்குச் சற்றுக் குறைவாக, சேர்ந்திருக்கும் என்றும் தெரிந்தது. பரூக் மோடனும் அவருடன் இருந்தவர்களும் ஏறத்தாழ 10,800 பேரைப் பின்தொடர்ந்து, 1974-இல் மூளைக் கட்டிகளும் தைராய்டுப் புற்றும் அவர்களிடம் கூடியிருப்பதை வெளியிட்டார்கள். 1988-இல் எலேன் ரோனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், மூளையுறைக் கட்டி வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். 1994-இல் இழப்பீட்டுச் சட்டம் ஒன்றை இஸ்ரேல் இயற்றியது. 1950-களின் இறுதியில் வந்த கிரிசியோஃபுல்வின் என்ற மாத்திரை அந்தச் சிகிச்சையையே தேவையற்றதாக்கிவிட்டது.

இங்கே தோலின் படி பெரிதும் பிசகவில்லை என்பதைக் கவனியுங்கள். பிசகியது கேள்வி. "தோலுக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்கள், "மீதி எங்கே போயிற்று?" என்று கேட்கவில்லை. ஒரு புள்ளியின் அளவே முழு அளவு என்று எண்ணும் பழக்கத்தை நெறிமுறை நூல்கள் வளர்க்கக் கூடாது என்று நாம் சொல்வது இதனால்தான்.

நம் முடிவு

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தோல் சிகிச்சைக்கு அமெரிக்க நூலையே முதலில் வைப்போம். கதிரின் தரத்தை இரண்டு எண்களால் சொல்லக் கேட்பதும், கடிகாரப் பிழைக்குக்கூடக் கணக்குத் தருவதும் அதன் பலம். ஆனால் 40 கிலோவோல்ட்டுக்குக் கீழே அது வாய் திறப்பதில்லை. குஸ்தாவ் பக்கி 1923-இல் அறிமுகப்படுத்திய, 'எல்லைக்கதிர்' எனப்படும் மிக மென்மையான கதிருக்கு அந்நூலில் இடமில்லை. அங்கே பிரிட்டிஷ் நூலையே, 2005 பிற்சேர்க்கையோடு சேர்த்துத்தான், நாட வேண்டும். அணுசக்தி முகமையின் நூல், எல்லா வகைக் கதிரையும் நீர் என்ற ஒரே அடிப்படையில் கொண்டுவந்தது பெரிய சாதனை. ஆனால் மென்கதிர் அத்தியாயத்தில், ஆய்வகங்கள் வருவதற்கு முன்பே வீடு கட்டிவிட்டது.

மூன்றுக்கும் பொதுவாக மூன்று கோரிக்கைகள். பெயர் வைப்பதில் ஒரே எல்லையைக் கொள்ளுங்கள். காது, இமை, கோணல் ஓட்டை ஆகியவற்றைப் பின்னிணைப்பிலிருந்து உள்ளே கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கைச் செய்து காட்டுங்கள். வெளியார் சோதனையைக் கட்டாயமாக்குங்கள். அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் சிறு கதிரளவிகளைத் தபாலில் அனுப்பி, மருத்துவமனைகள் தரும் அளவைச் சரிபார்த்து வந்திருக்கின்றன. அந்தப் பணி கோபால்ட் இயந்திரத்தையும் பெரிய முடுக்கிகளையும் நோக்கியே வளர்ந்தது. மூலையறையில் இருக்கும் சிறிய தோல் இயந்திரத்துக்கும் அப்படியொரு தபால் வர வேண்டும்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் யாருக்கேனும் முகத்தில் இச்சிகிச்சை நடந்தால், "இயந்திரத்தைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள்? இந்த ஓட்டையின் அளவுக்குத் தனியாகக் கணக்கிட்டீர்களா?" என்று கேட்பதில் தவறில்லை. நல்ல இயற்பியலாளர் அக்கேள்விக்குக் கோபப்பட மாட்டார். தம் ஏட்டைத் திறந்து காட்டுவார்.